பலகை ஏன் பாதியில் நின்றது? இழைப்பு எந்திரத்தின் கதை

இன்று பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே, பொறுத்துக்கொண்டு படித்துவிடுங்கள்.

போன வாரம் கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். திரும்பும் வழியில் பழைய மாணவன் ஒருவனின் மரப்பட்டறையில் இறங்கினேன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சு. இன்று நான்கு பேருக்கு வேலை கொடுக்கிறான். எனக்குப் பெருமைதான்.

நான் உள்ளே நுழைந்தபோது திக்னஸ் பிளேனர் ஓடிக்கொண்டிருந்தது. பலகையை ஒரு பக்கம் கொடுத்தால் மேலே இழைத்து, ஒரே கனத்தில் மறுபக்கம் தள்ளும் எந்திரம். பலகை பாதி தூரம் போய் நின்றுவிட்டது. இவன் வயிற்றைப் பலகையின் முனையில் கொடுத்து முட்டித் தள்ளுகிறான். அந்தப் பக்கம் வேலைக்காரப் பையன் குனிந்து, பலகையைப் பிடித்து இழுக்கக் கையை உள்ளே விடுகிறான்.

"நிறுத்துடா!" என்று கத்திவிட்டேன். ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது, அந்தக் குரல் இன்னும் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. கை தானாகவே போய் சுவிட்சை அணைத்துவிட்டான்.

"சார், ஒரு மாசமா இதே தொல்லை. ஸ்பிரிங்கை எல்லாம் இறுக்கிப் பார்த்துட்டேன். இரும்புக் கடைக்குப் போட்டுட்டு, கடன் வாங்கிப் புதுசு எடுக்கலாம்னு இருக்கேன்" என்றான்.

"கடன் இருக்கட்டும்பா. முதலில் மெயினை இறக்கு. பார்ப்போம்" என்றேன்.

பள்ளிக்கூட வாத்தியாருக்கு மர எந்திரத்தில் என்ன தெரியும் என்று நினைப்பீர்கள். நம் குடும்பத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். என் தாய்மாமா ஒரு மர மில்லில் வேலை பார்த்தவர். நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, அங்கிருந்த இழைப்பு எந்திரத்தில் அவருடைய இடது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. பதினைந்து நாளில் கட்டோடு வேலைக்குத் திரும்பினார். யார் கேட்டாலும், "என் கவனக்குறைவு" என்பார். சாகும் வரை அதையேதான் சொன்னார். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி போகவில்லை. அதனால்தான் இந்த எந்திரத்தின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். இன்றைய பாடம் அதுதான்.

கையால் இழைக்கும் இழைப்புளி மிகப் பழைய கருவி. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயி நகரத்திலேயே இரும்பு அடி வைத்த இழைப்புளிகள் கிடைத்திருக்கின்றன. பதினேழு நூற்றாண்டு கழித்தும் வேலை மாறவில்லை. ஆள் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும், சுருள் சுருளாகச் சீவல் வர வேண்டும். ஒரு வீட்டுத் தரைக்கான பலகை முழுவதையும் கையால் இழைத்தவர்களின் தோளும் இடுப்பும் என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதை எந்திரத்துக்கு மாற்ற முதலில் முனைந்து முயன்றவர்களில் ஒருவர் சாமுவேல் பெந்தாம். தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தாமின் தம்பி. கப்பல் கட்டும் பொறியாளர். ரஷ்யாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்து திரும்பியவர். 1791இல் இழைப்பு எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது பெரிய இழைப்புளியை எந்திர பலத்தால் முன்னும் பின்னும் ஓட்டும் முறை. 1793இல் எடுத்த அடுத்த காப்புரிமையில், சுழலும் கத்தி உட்பட மரவேலை எந்திரங்களின் பல வழிகளை எழுதி வைத்தார். அண்ணனுடைய புதிய சிறைச்சாலைத் திட்டத்தில், தொழில் தெரியாத கைதிகளை வைத்தே இந்த எந்திரங்களை ஓட்டலாம் என்பது சகோதரர்களின் எண்ணம். அந்தச் சிறைச்சாலை எழவில்லை. எண்ணம் மட்டும் தங்கிவிட்டது: தொழில் தெரிந்த கை தேவையில்லாத எந்திரம்.

அது பலித்த இடம் போர்ட்ஸ்மவுத் கப்பல் துறை. பெந்தாம் அப்போது கடற்படைப் பணிகளுக்குத் தலைமை ஆய்வாளர். மார்க் புரூனல் வடிவமைத்து, ஹென்றி மாட்ஸ்லே செய்துகொடுத்த எந்திரங்கள் அங்கே கப்பலுக்கான மரக் கப்பிகளைச் செய்தன. 1808 வாக்கில் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள். 110 தொழிலாளர் செய்த வேலையைப் பத்துப் பேர் செய்தார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அந்த மற்ற நூறு பேர் எங்கே போனார்கள் என்று கணக்குப் போட்டவர்கள் குறைவு.

1802இல் ஜோசப் பிராமா இன்னொரு வழி கண்டார். பெரிய வட்டத் தட்டில் கத்திகளைப் பொருத்தி, மரத்தின் மேல் படுக்கை வாட்டத்தில் சுழல விடுவது. 1827இல் கிளாஸ்கோ நகரத்து மால்கம் மியூர் தரைப் பலகை இழைக்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

இப்போது ஒரு கேள்வி. சுழலும் கத்தி கிடைத்துவிட்டது. பிறகு என்ன சிக்கல்?

வெட்டுவது சுலபம். பிடிப்பதுதான் கஷ்டம். வேகமாகச் சுழலும் கத்தி, மரத்தைச் சீவுவதோடு அதை மேலே தூக்கவும் வந்த வழியே திருப்பி எறியவும் பார்க்கும். பலகையை அழுத்தியும் பிடிக்க வேண்டும், அதே நேரத்தில் நகர்த்தவும் வேண்டும். பட்டறையில் என் மாணவன் வயிற்றைக் கொடுத்து முட்டியதும் இதே சிக்கலோடுதான்.

இதைத் தீர்த்தவர் என்று பெயர் வாங்கியவர் வில்லியம் உட்வொர்த். நியூயார்க் மாநிலத்தில் பொகீப்சி ஊர்க்காரர். 1828 டிசம்பர் 27 அன்று காப்புரிமை பெற்றார். சுழலும் கத்திகள், அவற்றோடு பலகை மேலே எழாமல் அழுத்தும் உருளைகள். இந்தச் சேர்க்கைதான் அவருடைய உரிமையின் உயிர். இன்று உலகத்தில் ஓடும் திக்னஸ் பிளேனர்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

பிறகு நடந்தது வழக்கு மேல் வழக்கு. அந்தக் காலத்தில் அமெரிக்கக் காப்புரிமைக்கு ஆயுள் 14 ஆண்டு. உட்வொர்த் 1839இல் இறந்துபோனார். ஆனால் உரிமை சாகவில்லை. 1842இல் முடிய வேண்டியது, ஏழு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. 1845இல் அமெரிக்கக் காங்கிரஸ் தனிச் சட்டமே போட்டு இன்னும் ஏழு ஆண்டு கொடுத்தது. மொத்தம் 28 ஆண்டு. நகரங்கள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. வீடு கட்டும் ஒவ்வொருவருக்கும் இழைத்த பலகை வேண்டும். உரிமையை வாங்கி வைத்திருந்தவர்கள் ஊர் ஊராகக் குத்தகைக்கு விட்டார்கள். அனுமதி இல்லாமல் ஓட்டிய மில்களை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். மில்காரர்கள் வேறு விதமாக எந்திரம் செய்து பார்த்தார்கள். ஆனால் அழுத்தும் உருளையோ அதைப் போன்ற ஒன்றோ இல்லாமல் பலகை நிற்காதே! அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள்.

அதில் ஒரு வழக்கு நமக்கும் பயன்படுவது. பிட்ஸ்பர்க் நகரத்தில் சிலர் முறையாக உரிமை வாங்கி எந்திரம் வைத்திருந்தார்கள். காப்புரிமைக் காலம் நீண்டதும், நீண்ட காலத்துக்கு மறுபடி பணம் கொடு என்று கேட்டார்கள். 1852ஆம் ஆண்டு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது. ஓட்டுவதற்காக எந்திரத்தை வாங்கியவன் கைக்கு அது வந்துவிட்டால், அது காப்புரிமையின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. பிறகு அது அவன் சொத்து. காசு கொடுத்து வாங்கிய பொருளை நாமே வைத்து ஓட்டலாம், விற்கலாம் என்ற இன்றைய சட்டக் கொள்கைக்கு இந்த வழக்கு ஒரு பழைய வேர். 1856இல் காப்புரிமை முடிந்தது. உருளை எல்லாருக்கும் பொதுவானது.

இனி என் மாமாவின் விரலுக்கு வருகிறேன்.

பழைய எந்திரங்களில் கத்தி பூட்டும் தண்டு சதுரமாக இருந்தது. நான்கு பக்க இரும்புக் கட்டை, அதில் கத்திகளைப் போல்ட் வைத்து முடுக்குவார்கள். பலகையைத் தானே இழுத்துக்கொள்ளும் எந்திரத்தில் கை கத்தியின் பக்கம் போகாது. ஆனால் சர்ஃபேஸ் பிளேனரில் கத்தி கீழே இருக்கும், நாம் கையால் பலகையை மேலே தள்ளுவோம். சதுரக் கட்டை சுழலும்போது மூலைகளுக்கு இடம் வேண்டும் என்பதால் மேசையில் அகலமான வாய் விட்டிருப்பார்கள். மூலைக்கும் மூலைக்கும் நடுவே பள்ளம். கை தவறினால் விரல் பள்ளத்துக்குள் இறங்கும், அடுத்த மூலை வந்து அடிக்கும். மேலே தோலோடு போக வேண்டியது எலும்போடு போகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருண்டைத் தண்டு வந்தது. கத்தி மில்லிமீட்டர் கணக்கில்தான் வெளியே நீட்டியிருக்கும். பள்ளம் இல்லை, வாயும் குறுகல். அதிலும் காயம் படும். ஆனால் விரல் போவது குறைந்தது. 1922இல் பிரிட்டன் மரவேலை எந்திர விதிகளில், கையால் தள்ளி இழைக்கும் எந்திரத்துக்கு உருண்டைத் தண்டைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் வந்த விதிகளிலும் இதே நிபந்தனை இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் மின்சாரம் வைத்து வேலை நடக்கும் இடத்தில் பத்துப் பேராவது இருந்தால்தான் பொதுவாகப் பொருந்தியது. மாமா வேலை பார்த்த இடத்தில் ஏழு பேர்.

அங்கிருந்தது சதுரத் தண்டு. நான் சின்னப் பையனாகப் போய்ப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மாமா பிறப்பதற்கு முன்பே மருந்து கண்டுபிடித்த நோயில்தான் அவர் விரல் போனது. "என் கவனக்குறைவு" என்று அவர் சொன்னது சரியல்ல. இதை அவரிடம் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நான் படித்துத் தெரிந்துகொண்டபோது அவர் இல்லை. மாமாவின் பிள்ளைகள் இந்தப் பதிவைப் படிக்கிறீர்கள். உங்கள் அப்பா கவனமான மனிதர். அதைத்தான் எழுத வந்தேன்.

சரி, பட்டறைக்குத் திரும்புவோம். பலகை ஏன் நின்றது?

மெயினை இறக்கிவிட்டு முதல் கேள்வி கேட்டேன்: "பலகை நிற்கும்போது உருளை சுற்றுதா, நிக்குதா?" யோசித்துவிட்டு, "சுத்துது சார், வழுக்கிக்கிட்டுச் சுத்துது" என்றான். பாதி விடை கிடைத்துவிட்டது. உருளையே நின்றால் பெல்ட், செயின், பல்சக்கரம் என்று ஓட்டும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். உருளை சுற்றிப் பலகை நின்றால், பிடிப்பு குறைவு அல்லது தடை அதிகம். இரண்டில் ஒன்று.

இரண்டாவது கேள்வி: "எந்த இடத்தில் நிக்குது?" இது முக்கியம். முன் உருளையே பலகையைக் கவ்வவில்லை என்றால், அதன் பல்லில் அழுக்கு, அல்லது அழுத்தம் போதாது, அல்லது ஒரே தடவையில் அதிகம் சீவப் பார்க்கிறோம். கத்தியைத் தாண்டியதும் நின்றால், பின்னால் உள்ள அழுத்துப் பட்டை தாழ்ந்திருக்கும், அல்லது அதன் அடியில் சீவல் அடைத்திருக்கும். பலகையின் வால் முன் உருளையை விட்டதும் நின்றால், பின் உருளையில் கோளாறு. இவனுக்கோ ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே. அப்படியென்றால் பலகை போகும் வழி முழுவதும் தடை என்று அர்த்தம்.

மேசையை விரலால் தடவச் சொன்னேன். பிசின். மரப் பாலும் தூளும் சேர்ந்து காய்ந்து, வெல்லப் பாகு ஒட்டின தட்டு போல இருந்தது. முன் உருளையின் பல்லிடுக்கெல்லாம் தூள் இறுகி, பல்லே இல்லாத கிழவன் வாய் போல் வழவழப்பு. கத்தியின் முனையை வெளிச்சத்தில் காட்டினான். கூர்மையான கத்தியின் முனை வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. இது வெள்ளைக் கோடாக மினுங்கியது. மழுங்கிய கத்தி வெட்டாது, மரத்தை மேலே தள்ளும். அதை எதிர்த்து உருளை பாவம் எவ்வளவுதான் இழுக்கும்?

இவன் இறுக்கிய ஸ்பிரிங்தான் வேடிக்கை. பிடிப்பு போதவில்லை என்று இறுக்கினான். இறுக்க இறுக்கப் பலகை பிசின் மேசையில் இன்னும் அழுந்தியது, தடை கூடியது. போதாததற்குப் பலகையில் உருளைப் பல்லின் தடம் வேறு. இடது வலது திருகும் ஒரே அளவில் இல்லை, அதனால் பலகை கோணலாகப் போனது. நோய் ஒன்று, மருந்து வேறு.

மேசையையும் இரும்பு உருளையையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பல்லிடுக்கைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, ஈரம் போகத் துடைத்தோம். மேசையில் பேஸ்ட் மெழுகு தடவி, காய்ந்ததும் தேய்த்துவிட்டோம். ஸ்பிரிங்குகளைக் கையேட்டில் உள்ள அளவுக்குத் தளர்த்தி இரண்டு பக்கமும் சமமாக்கினோம். கைவசம் தீட்டி வைத்திருந்த வேறு ஜோடிக் கத்தியைப் பூட்டினான். மூன்று மில்லிமீட்டர் சீவிக்கொண்டிருந்ததை ஒன்றாகக் குறைத்தோம். பலகையை வைத்ததும் கவ்வி இழுத்துக்கொண்டு நேராக வெளியே வந்தது. அவன் முகத்தில் வந்த சிரிப்பு, ஏழாம் வகுப்பில் ஒரே ஒரு தடவை கணக்கில் நாற்பது மார்க் வாங்கியபோது பார்த்த அதே சிரிப்பு.

பட்டறை வைத்திருப்பவர்களுக்காக, மற்றவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்:

1. கை உள்ளே போகும் எந்த வேலைக்கும் மெயினை இறக்குங்கள், பிளக் இருந்தால் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கத்தித் தண்டு நின்ற பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும்.

2. ரப்பர் உருளை உள்ள சின்ன எந்திரத்தில் மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டாம். ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். ஈரத் துணியால் துடைத்தாலே பிடிப்பு திரும்பும். பளபளப்பேறி இறுகிவிட்டால் மாற்றத்தான் வேண்டும்.

3. மேசைக்குச் சிலிக்கான் ஸ்பிரே அடிக்காதீர்கள். அது மரத்தில் ஒட்டிக்கொண்டு, பின்னால் பாலிஷ் பிடிக்காமல் வட்டம் வட்டமாக விலகும்.

4. முன் உருளை, கத்தி சுற்றும் வட்டத்தின் அடிமட்டத்தைவிட அரை முதல் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது பொது வழக்கம். உங்கள் எந்திரத்தின் கையேடு என்ன சொல்கிறதோ அதுவே கடைசி வார்த்தை.

5. மேசைக்குள் உருளை இருந்தால், தாள் கனத்துக்கு மேலே தெரிந்தால் போதும். அதிகம் உயர்ந்தால் பலகை அதிரும், முனைகளில் பள்ளம் விழும்.

6. முனையில் பள்ளம் விழுவதற்கு இன்னொரு காரணம், பலகை ஒரே உருளையின் பிடியில் இருக்கும்போது மறுமுனை தொங்குவது. நீளப் பலகைக்கு இரண்டு பக்கமும் தாங்கல் கொடுங்கள். பலகைகளை ஒன்றன் வாலில் ஒன்றாக இடைவெளி இல்லாமல் விடுங்கள்.

7. இரண்டு உருளைகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தைவிடக் குட்டையான துண்டை விடவே கூடாது. உள்ளே சிக்கும், அல்லது பறந்து வரும். ஓர் அடிக்குக் குறைந்தால் இழைப்புளி எடுங்கள்.

8. வளைந்த பலகையை முதலில் ஒரு பக்கம் சமமாக்குங்கள். இல்லாவிட்டால் உருளை அமுக்கும்போது நேராகி, வெளியே வந்ததும் பழையபடி வளையும்.

9. பழைய மரத்தில் ஆணியைக் காந்தம் வைத்துத் தேடுங்கள். ஈர மரம் வழுக்கும், சீவலும் அடைக்கும்.

10. செயினில் எண்ணெயைக் கொட்டாதீர்கள். தூள் சேர்ந்து களிம்பாகும். துடைத்துவிட்டு லேசாகத் தடவுங்கள். உருளையின் இரண்டு முனைப் புஷ்ஷுக்கும் சொட்டு எண்ணெய் மறக்காதீர்கள்.

11. பலகை நின்றால் நேர் பின்னால் நின்று முட்டாதீர்கள், அந்தப் பக்கம் கையை விடாதீர்கள், குனிந்து உள்ளே பார்க்காதீர்கள். நிறுத்துங்கள், தண்டு நிற்கட்டும், மேசையை இறக்குங்கள், பிறகு எடுங்கள்.

கிளம்பும்போது வேலைக்காரப் பையனைக் கூப்பிட்டு, மாமாவின் கதையைச் சொன்னேன். அவன் தன் விரல்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "இனிமே உள்ள விடமாட்டேன் தாத்தா" என்றான். சார் என்பது போய்த் தாத்தா ஆகிவிட்டேன், அதுவும் சரிதான்.

முதலாளியிடம் தனியாக ஒன்று சொன்னேன். "அந்தப் பையன் கையை விட்டது அவன் தப்பு இல்லப்பா. மேசை சுத்தமா இருந்திருந்தா அவன் குனியவே மாட்டான்." தலையை ஆட்டினான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எந்திரத்துக்கு என்று சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருப்பதாக நேற்று படம் எடுத்து அனுப்பினான். எழுத்துப் பிழை ஒன்று இருந்தது. திருத்தி அனுப்பிவிட்டேன்.

வீட்டுப்பாடம்: உங்கள் வீட்டிலோ பட்டறையிலோ ஓடும் ஏதாவது ஓர் எந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது துடைத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். பொய் எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும், அன்றும் தெரிந்தது, இன்றும் தெரியும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்